திரைமறைவில் ஒரு தட்டு உணவு

சென்ற தவக்காலத்திற்குச் சற்று முன்பு, தம் திருமண ஓலை எழுதுவதற்காக ஓர் இளைஞர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். பெண்ணின் தந்தையும் உடன் வந்திருந்தார். பெயர், பெற்றோர் பெயர், திருமுழுக்குப் பெற்ற நாள் என்று படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்த நாம், ‘தொழில்’ என்ற கட்டத்திற்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தோம். இளைஞர் சற்றுத் தயங்கி, "எழுத்து, சாமி" என்றார். பெண்ணின் தந்தை குறுக்கிட்டு, "பிரைவேட் என்று போட்டுக்கொள்ளுங்கள் சாமி, அது போதும்" என்றார். நாமும் அவ்வாறே எழுதினோம்.

மாலையில் இளைஞர் தனியாக வந்தார். கதைகளும் கட்டுரைகளும் எழுதுகிறார். பக்கத்திற்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு மொழிபெயர்ப்பும் செய்கிறார். எவரிடத்தும் மாதச் சம்பளம் இல்லை. ஒரு பத்திரிகை அவர் கதையை வெளியிட்டு ஐந்து திங்கள் ஆகியும் அன்பளிப்பு வரவில்லை. ஒரு பதிப்பகம் நூல் விற்றபின் பார்ப்போம் என்கிறதாம். கேட்டால் மனத்தாங்கல், கேளாவிட்டால் மறதி. "எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதப் போய்விடட்டுமா, சாமி?" என்று கேட்டார். மறையுரை மேடையில் எளிதாய் வரும் விடைகள் அன்று நமக்கு வரவில்லை. பார்க்கலாம் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு, குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் நூலகத்தின் கடைசி அடுக்கில் கண்டெடுத்துப் படித்த ஒரு வாழ்க்கை வரலாறு நினைவுக்கு வந்தது. ஜேம்ஸ் பாஸ்வெல் எழுதி 1791இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் வரலாறு அது. ஆங்கில அகராதி தந்த பேரறிஞர் என்றே ஜான்சனை நாம் அறிவோம். அந்தப் பெருமை வருமுன் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் அவர் நம் இளைஞரின் பிழைப்பையே பிழைத்தார்.

அவர் காலத்து லண்டன் எழுத்தாளனுக்கு ஒரு புதுமையான ஊர். அதற்கு முன்பு நூல் எழுதுவோர் ஒரு பிரபுவின் பெயருக்கு அதைக் காணிக்கையாக்கி, அவர் தரும் பரிசிலை எதிர்பார்த்திருந்தனர். நம் புலவர்கள் வள்ளல்களின் வாயிலில் நின்றதும் இதுதானே. 18ஆம் நூற்றாண்டில் வாசிப்போர் பெருகினர், வார மாத இதழ்கள் பெருகின. பிரபுவின் இடத்திற்குப் புத்தக வணிகர் வந்தார். அச்சிடுவித்து விற்பவர் அவரே. 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நூலின் உரிமையை ஆசிரியருக்கு 14 ஆண்டுகள் அளித்தது. அவர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள். ஏட்டில் எழுதிய உரிமை இது. நடப்பிலோ, பசித்தவன் அந்த உரிமையை ஒரே தொகைக்கு விற்றுவிட்டுப் போனான். நூல் பத்துப் பதிப்புக் கண்டாலும் அவனுக்கு மறு காசு கிடையாது. இவ்வாறு கூலிக்கு எழுதுவோர் பலர் குடியிருந்த தெருவுக்குக் கிரப் தெரு என்று பெயர். நாளடைவில் அப்பெயரே மட்டமான எழுத்துக்கு ஆகுபெயராயிற்று. 1830இல் அத்தெருவின் பெயரை மாற்றிவிட்டார்கள். ஜான்சன் தம் அகராதியில் அச்சொல்லுக்குப் பொருள் எழுதியபோது, சிறு வரலாறுகளும் அகராதிகளும் எழுதுவோர் வாழும் தெரு என்று தம்மையும் அதில் சேர்த்தே எழுதினார்.

1709இல் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தவர் ஜான்சன். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து, பதின்மூன்று மாதங்களில் பணமின்றிப் படிப்பை விட்டார். அங்கே அவருடைய கிழிந்த காலணிகளைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர் புதுக் காலணிகளை அவர் அறை வாசலில் வைத்துப் போக, அவற்றை அவர் சினத்தோடு வீசியெறிந்தாராம். ஏழ்மையும் தன்மானமும் ஒரே உடலில் குடியிருந்தால் என்ன பாடு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

அவர் பெற்ற முதல் எழுத்துக்கூலி நமக்குச் சற்று நெருக்கமானது. கோவா வழியாக எத்தியோப்பியா சென்று பணிபுரிந்த போர்ச்சுக்கீசிய இயேசு சபை குரு ஜெரோனிமோ லோபோவின் பயண நூலைப் பிரெஞ்சு மொழி வழியாக அவர் ஆங்கிலத்தில் ஆக்கினார். இயேசு சபையினரின் அப்பணியைப் பற்றி அவர் தம் முன்னுரையில் கடுமையாகவே எழுதியிருக்கிறார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதியவர் என்று லோபோவைப் பாராட்டவும் தவறவில்லை. பாதியிலேயே சோர்வு அவரைப் பற்றிக்கொண்டது. இந்த வேலை முடியாமல் அச்சுக்காரர் வேறு வேலை எடுக்க இயலாது, அவர் குடும்பம் வாடுகிறது என்று நண்பர் ஒருவர் சொல்லவும், படுக்கையில் கிடந்தபடியே மூலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜான்சன் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, நண்பர் எழுதிக்கொண்டார். நூல் 1735இல் வெளிவந்தது. கூலி 5 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங்; ஒரு பவுண்டுக்குச் சற்றுக் கூடுதல்.

அடுத்துத் தொடங்கிய பள்ளிக்கூடம் படுத்துவிட்டது. 1737 மார்ச்சில், தம் மாணவரும் பின்னாளில் புகழ்பெற்ற நடிகருமான டேவிட் காரிக்கோடு ஜான்சன் லண்டனுக்குப் புறப்பட்டார். எழுதிப் பிழைக்க வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதும், வில்காக்ஸ் என்னும் புத்தக வணிகர் அவருடைய பருத்த உடலை மேலும் கீழும் பார்த்து, ஒரு சும்மாடு வாங்கிக்கொள்வது நல்லது என்றாராம். சுமை தூக்கினால் பிழைத்துக்கொள்வாய் என்பது பொருள். வேடிக்கை என்னவெனில், அந்த வில்காக்ஸைத் தம் நல்ல நண்பர்களுள் ஒருவர் என்றே ஜான்சன் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

லண்டனில் ஆண்டுக்கு 30 பவுண்டில் மானத்தோடு வாழ்வது எப்படி என்று அயர்லாந்து ஓவியர் ஒருவர் அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். துணிமணிக்கு 10 பவுண்டு, மாடத்து அறைக்கு வாரம் 18 பென்னி, காலையில் ஒரு பென்னிக்கு ரொட்டியும் பாலும், பகலுணவு 6 பென்னி, இரவுணவு கிடையாது, சலவைச் சட்டை அணியும் நாளில் மட்டும் பெரியவர்களைப் பார்க்கப் போகவேண்டும். ஜான்சன் ஓர் உணவு விடுதியில் 6 பென்னிக்கு இறைச்சியும் ஒரு பென்னிக்கு ரொட்டியும் வாங்கி உண்டு, பரிமாறுபவருக்கு ஒரு பென்னி தருவார். அங்கே மது அருந்தி ஒரு ஷில்லிங் செலவிட்டவர்கள் பரிமாறுபவருக்கு ஒன்றும் தருவதில்லை. ஆகவே தமக்கு அவர்களைவிட நல்ல கவனிப்புக் கிடைத்தது என்று நினைவுகூர்ந்தார். வறுமையிலும் அந்த ஒரு பென்னியை மிச்சப்படுத்தாத மனிதர் அவர்.

அவருக்குப் படியளந்தவர் எட்வர்டு கேவ். 1731இல் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்னும் மாத இதழைத் தொடங்கியவர். கவிதை, மொழிபெயர்ப்பு, வாழ்க்கைக் குறிப்பு, வந்த படைப்புகளைத் திருத்துதல் என எல்லாவற்றையும் ஜான்சன் அங்கே செய்தார். கேவ் நல்லவர், ஆனால் கூலி கொடுப்பதில் கைச்சுருக்கம். நூறு வரிக்கு இவ்வளவு என்று பேசுவார்; நூறு என்றால் நூற்றிருபது வரி எதிர்பார்ப்பார். அவருக்கு எழுதிய ஒரு கடிதத்தின் முடிவில் ஜான்சன் தம் பெயருக்கு முன்னே ஒரே ஓர் இலத்தீன் சொல்லை எழுதினார்: ‘இம்பிரான்சுஸ்’. உண்ணாதவன் என்று பொருள். கேட்கக் கூச்சம், கேளாமலும் இருக்க முடியவில்லை. தாய்மொழியில் எழுதவொண்ணாததை இலத்தீனில் எழுதிவிட்டார்.

அக்காலத்தில் நாடாளுமன்ற விவாதங்களை அச்சிடுவது தடை செய்யப்பட்டிருந்தது. கேவ் அவற்றை லில்லிபுட் நாட்டு மன்றத்தின் விவாதங்கள் என்று மாறுவேடமிட்டு வெளியிட்டார். அவைக்குள் சென்றவர்கள் கொண்டுவந்த துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, முழு உரைகளையும் ஓர் அறையில் அமர்ந்து ஜான்சன் எழுதினார். இதழின் விற்பனை பத்தாயிரத்திலிருந்து பதினையாயிரமாக உயர்ந்தது என்று அவர் வரலாற்றை எழுதிய ஹாக்கின்ஸ் கூறுகிறார். கேவ் வண்டியும் குதிரையும் வாங்கினார். ஆண்டுகள் பல கழித்து ஒரு விருந்தில், பிட் ஆற்றிய ஓர் உரையைக் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் உரைகளுக்கும் மேலானது என்று ஒருவர் புகழ, அதை எழுதியவன் நானே என்றார் ஜான்சன். அவருக்கு அதில் பெருமை இருந்ததாய்த் தெரியவில்லை. மக்கள் அவற்றை மெய்யென்று நம்புகிறார்கள் என்று அறிந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார். தாம் எழுதியவற்றுள் தம் மனச்சான்றை உறுத்துபவை அவையே என்றும் சொல்லியிருக்கிறார். பசிக்கு எழுதியதற்கும் பாவசங்கீர்த்தனம் உண்டு போலும்.

இவர்களெல்லாம் எத்தகைய கூட்டம் என்று அறிய ஜான்சனின் நண்பர்கள் இருவரைப் பார்த்தால் போதும். ஒருவர் சாமுவேல் பாய்ஸ் என்னும் கவிஞர். உடைகளை அடகு வைத்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கையில் அமர்ந்து, போர்வையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு எழுதியவர். ஆறு ஆறு பென்னியாகத் தண்டி ஜான்சன் அவர் உடைகளை மீட்டுக் கொடுத்தார். ஆறு பென்னி தமக்கும் பெரிய தொகையாய் இருந்த காலம் அது. இரண்டு நாளில் உடைகள் மீண்டும் அடகுக் கடைக்குப் போயின. மற்றவர் ரிச்சர்டு சேவேஜ். தங்க இடமின்றி ஜான்சனும் அவரும் இரவெல்லாம் லண்டன் சதுக்கங்களைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். 1743இல் சேவேஜ் கடனுக்காகப் பிரிஸ்டல் சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். ஜான்சன் அவர் வரலாற்றை எழுதினார். அதில் அச்சுப் பக்கம் 48ஐ ஒரே அமர்வில், இரவெல்லாம் விழித்து எழுதினார். கூலி 15 கினி. 1744இல் வெளிவந்த அந்நூலில் ஆசிரியர் பெயர் இல்லை.

நம்மை உறங்கவிடாத நிகழ்ச்சி இந்நூலைத் தொட்டதுதான். வால்டர் ஹார்ட் என்பவர் ஒருநாள் கேவின் வீட்டில் விருந்துண்டபோது சேவேஜின் வரலாற்றை வெகுவாகப் பாராட்டினார். பிறகு அவரைச் சந்தித்த கேவ், அன்று நீங்கள் ஒரு மனிதனை மிகவும் மகிழ்வித்தீர்கள் என்றார். நம் இருவரைத் தவிர அங்கு யாருமில்லையே என்றார் ஹார்ட். திரைக்குப் பின்னால் ஒரு தட்டு உணவு அனுப்பினேனே, நினைவிருக்கிறதா என்று கேட்டார் கேவ். அங்கே அமர்ந்து உண்டவர் ஜான்சன். உடை கந்தலாயிருந்ததால் விருந்தினர் முன் வர அவர் விரும்பவில்லை. தம் நூல் புகழப்படுவதைத் திரைக்குப் பின்னிருந்து கேட்டுக்கொண்டே அவர் உண்டார். கேவைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை, உணவு அனுப்பினாரே. ஆயினும் புதுச் சட்டை ஒன்றுக்கு வேண்டிய கூலியைக் கொடுத்திருந்தால் திரை தேவைப்பட்டிராது.

1746இல் புத்தக வணிகர் சிலர் கூடி, ஆங்கில அகராதி எழுத ஜான்சனுக்கு 1,575 பவுண்டு தருவதாக ஒப்பந்தம் செய்தனர். பெருந்தொகைதான். எழுத்தர் அறுவரின் கூலியும் தாளும் அதிலிருந்தே கொடுபடவேண்டும் என்பதை நினைவிற் கொள்க. மூன்றாண்டில் முடிப்பேன் என்றார், ஒன்பதாண்டை நெருங்கியது. கஃப் சதுக்கத்து 17ஆம் எண் வீட்டின் மாடத்தில் வேலை நடந்தது. அவ்வீடு இன்றும் அவர் நினைவில்லமாக நிற்கிறது. தொடக்கத்தில் தாளின் இருபுறமும் எழுதிவிட்டார். அச்சுக்கோப்பவருக்கு அது ஆகாது என்று ஒருபுறமாகப் படியெடுக்கவே 20 பவுண்டு செலவாயிற்று. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்புமாறு இதழாசிரியர்கள் கேட்பது எத்தகைய அனுபவ ஞானம் என்பது இப்போது விளங்குகிறது. அகராதியின் வரைவுத் திட்டம் 1747இல் செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் பெயருக்கு எழுதப்பட்டது. அவர் தந்தது 10 பவுண்டு. பிறகு ஆண்டுக்கணக்கில் பாராமுகம். நூல் வெளிவரும் தறுவாயில், 1754இன் இறுதியில், அவரே ஓர் இதழில் இரண்டு புகழுரைக் கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரி 7ஆம் நாளிட்ட கடிதத்தில் ஜான்சன், தம் வாயிலில் காத்து நின்ற காலத்தையும் வராத உதவியையும் எடுத்துக்காட்டி, இனி அப்புரவலரின் துணை தமக்கு வேண்டியதில்லை என்று பணிவு குறையாத மொழியில் எழுதியனுப்பினார். பிரபுவோ அக்கடிதத்தை மேசைமேல் வைத்து, வருவோர்க்கெல்லாம் அதன் நடையழகைச் சுட்டிக் காட்டினாராம். பெரிய இடத்துத் தோல் தடிப்பானது.

1755 ஏப்ரல் 15இல் இரண்டு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. சொற்கள் நாற்பதாயிரத்திற்கு மேல். மேற்கோள்கள் ஓரிலட்சத்திற்கு மேல். ஒப்பந்தப் பணமோ நூல் வெளிவருமுன்னரே செலவாகியிருந்தது. ஓராண்டுகூட நிறைவுறவில்லை, 1756 மார்ச்சில் 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காக அவரைக் கைது செய்தார்கள். நாவலாசிரியரும் அச்சகத்தாருமான ரிச்சர்ட்சனுக்கு அவர் கடிதம் எழுத, 6 கினி வந்தது. நாட்டின் மொழியையே இரண்டு தொகுதிகளில் அடக்கியவர், அந்நாட்டிலேயே ஆறு பவுண்டு இல்லாமல் பிடிபட்டார்.

இதற்கிடையே, 1750 மார்ச் முதல் 1752 மார்ச் வரை, செவ்வாயும் சனியும் ‘ராம்ப்ளர்’ என்னும் கட்டுரை இதழை நடத்தினார். மொத்தம் 208 இதழ்கள். நாலைந்து நீங்கலாக எல்லாம் அவர் எழுதியவை. ஒன்றுக்கு 2 கினி. தொடங்குமுன் ஒரு செபம் எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் செபித்துத் தொடங்கியவருக்கும் தவணை தவணைதான். அச்சுக்கூடச் சிறுவன் வந்து காத்து நிற்க, அவசர அவசரமாய் எழுதிய கட்டுரைகள் பல. திரும்பப் படித்துப் பார்க்கவும் நேரமிராது. சனி இரவில் மறையுரை ஆயத்தம் செய்யும் நம்மைப் போன்றோர்க்கு இது சற்று ஆறுதல். அவற்றைப் படித்த அவர் மனைவி, உங்களை உயர்வாகவே நினைத்திருந்தேன், ஆனால் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எண்ணவில்லை என்று மகிழ்ந்தாராம். கடைசி இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் அவ்வம்மையார் இறந்தார்.

1759 சனவரியில் தொண்ணூறை எட்டிய அவர் தாய் லிச்ஃபீல்டில் சாகக் கிடந்தார். பல்லாண்டுகளாக அவரைப் போய்ப் பார்க்காத மகன், அச்சகத்தார் ஸ்டிராஹனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கள் இரவு எனக்கு 30 பவுண்டு தேவைப்படும் என்று. ‘ராசலஸ்’ என்னும் அக்கதையை ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் எழுதினார்; தாயின் அடக்கச் செலவுக்கும் சிறு கடன்களுக்கும். 100 பவுண்டு கிடைத்தது, மறுபதிப்புக்கு 25. கதை தொடங்கும் நாடு எத்தியோப்பியா. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் 5 கினிக்கு மொழிபெயர்த்த இயேசு சபை குருவின் பயண நூல், தாயை அடக்கம் செய்யக் கைகொடுத்தது. அற்பக் கூலிக்குச் செய்த வேலை எங்கே முளைக்கும் என்பதை யார் அறிவார்! ஆனால் தாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

1762இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் அளித்தார். ‘ஓய்வூதியம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் நாட்டைக் காட்டிக்கொடுப்பதற்கான கூலி என்பதுபோல் பொருள் எழுதியிருந்தவர், நண்பர்களைக் கலந்துகொண்டு பெற்றுக்கொண்டார். பகைவர் எள்ளினர். 1773இல் அகராதியைத் திருத்தியபோதும் அந்தப் பொருளை அவர் மாற்றவில்லை. அதன்பின் அவர் பட்டினி கிடக்கவில்லை.

பணத்திற்காக அன்றி எழுதுபவன் முட்டாள் என்று 1776இல் அவர் சொன்ன சொல்லை எழுத்தாளர் பலர் கொடியாகப் பிடிப்பதுண்டு. அதை அப்படியே கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. கவிஞர் ஸ்மார்ட்டும் மற்றொருவரும் 99 ஆண்டுகளுக்கு வேறு எதுவும் எழுதுவதில்லை என்று ஒரு வணிகருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்கிறார் பாஸ்வெல். ஸ்மார்ட் மனநலம் குன்றியிருந்தபோது, அவர் பங்கு அவருக்குக் கிடைக்கட்டும் என்று ஜான்சன் சில மாதங்கள் அவருக்காக எழுதினார். அகராதி வேலையில் உதவிய பெய்ட்டன் வறுமையில் இறந்தபோது அடக்கச் செலவை ஏற்றவரும் ஜான்சனே.

இன்னொரு செய்தி. குருக்கள் சிலர் அவரிடம் மறையுரைகளை எழுதி வாங்கினர். நாற்பதளவில் எழுதியதாக அவரே கூறியிருக்கிறார். அவற்றுக்குக் கூலியும் பெற்றார் என்பது ஹாக்கின்ஸ் தரும் செய்தி. வாங்கிய பின் அது யாருடையது என்று அவர் வெளியிட்டதில்லை. அவர் 1784இல் இறந்தபின், அவருடைய நண்பர் டெய்லர் என்னும் குரு விட்டுச்சென்றவை என்று 1788இலும் 1789இலும் இரு தொகுதிகள் வெளிவந்தன. பெரும்பகுதி ஜான்சனின் கைவண்ணம் என்பது அறிஞர் முடிவு. அந்தக் குருக்களைப் பற்றிச் சற்று இளக்காரமாக ஒரு பத்தி எழுதத் தொடங்கினோம். பேனா நின்றுவிட்டது.

ஓலை எழுத வந்த அந்த இளைஞர்தாம் மூன்று ஆண்டுகளாக நம் பங்கின் பாஸ்கா நாடகத்திற்கு உரையாடல் எழுதித் தருகிறார். ஆலயப் பொன்விழா மலரை எழுதித் தொகுத்தவர் அவர்; அதில் நம் பெயரில் வந்த வாழ்த்துரையையும் நாம் கேட்டுக்கொண்டபடி அவரே எழுதினார். பலரும் அதைப் பாராட்டினர். நாமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டோம். விழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். கூலி மறுக்கப்பட்டவர்களின் கூக்குரலைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியதைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். கதிர் அறுத்தவர்களை மட்டுமே அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில்பிள்ளையை அழைத்துப் பொன்விழாக் கணக்கேட்டை எடுத்துவரச் சொன்னோம். பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்கு, மேளம், வாணவேடிக்கை, அச்சகத்துக்கு, அட்டை ஓவியருக்கு, பொன்னாடை பன்னிரண்டுக்கு என்று வரிசையாய் எல்லாம் பற்று எழுதப்பட்டிருந்தன. அந்த இளைஞர் பெயரில் எதுவும் இல்லை. கோயில்பிள்ளை பொறுமையாய் நின்று, "எதைத் தேடுறீங்க, சாமி?" என்று கேட்டார்.